வேட்புமனு என்னும் மனு: மொடக்குறிச்சித் தேர்தலும் (1996) பணமில்லாப் போட்டியின் விலையும்

ஆய்வுச் சுருக்கம்

1996ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டனர். இந்நிகழ்வு ஒரு வியப்புச் செய்தியாகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறது. நன்கொடையும் பரப்புரையும் இன்றித் தேர்தலில் நிற்பதைக் கொங்கு உழவர்கள் ஒரு கூட்டுக் கோரிக்கை வடிவமாகக் கையாண்டனர் என்ற நோக்கில் இக்கட்டுரை அதனை அணுகுகிறது. அதே ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், பணமின்றிப் போட்டியிடும் வழியையே விலைமிக்கதாக்கியது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: மொடக்குறிச்சி, வேட்புமனு, வைப்புத்தொகை, விவசாயிகள் சங்கம், தேர்தல் நிதி, கொங்கு நாடு.

முன்னுரை

இன்றைய ஈரோடு மாவட்டத்தில் காவிரிக்கும் கீழ்பவானிப் பாசனப் பகுதிக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் அமைந்தது மொடக்குறிச்சித் தொகுதி. நெல், கரும்பு, மஞ்சள் ஆகியவை விளையும் பூமி. 1996இல் இத்தொகுதியில் வாக்காளரிடம் அளிக்கப்பட்ட வாக்குச்சீட்டு ஒரு தாளாக இல்லை. புத்தக வடிவில் அச்சிடப்பட்டிருந்தது. போட்டியிட்ட 1,033 பேரில் மிகப் பெரும்பாலோர் சுயேச்சைகள். வேளாண் கோரிக்கைகளை ஆட்சியாளர்கள் புறக்கணித்துவருவதை உணர்த்தும் பொருட்டு விவசாயிகள் சங்கத்தினர் திரளாக மனுத் தாக்கல் செய்ததன் விளைவு அது.

தேர்தல் வரலாறு குறித்த நூல்களிலும் நாளிதழ்த் தொகுப்புகளிலும் மொடக்குறிச்சிக்குக் கிடைத்துள்ள இடம் சாதனைப் பட்டியலுக்கு உரியது. மிக நீண்ட வாக்குச்சீட்டு, மிக அதிகமான வேட்பாளர்கள் என்ற அளவில் செய்தி முடிந்துவிடுகிறது. ஓர் அரசியல் செயலை விந்தைப் பொருளாக்கி வைப்பது அதனை ஆராயாமல் விடுவதற்கு எளிய வழி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வெற்றியை எதிர்பாராமல், நிதி திரட்டாமல், சட்டம் அனுமதித்த ஒரு செயலைச் செய்தனர். அவ்வாறு செய்ய 250 ரூபாய் போதுமானதாக இருந்தது என்பதே இங்குக் கவனத்திற்குரியது.

வண்டியும் மனுவும்

மொடக்குறிச்சி திடீரென முளைத்ததன்று. கோயம்புத்தூரை அடுத்த வையம்பாளையத்தைச் சேர்ந்த சி. நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் உருப்பெற்ற விவசாயிகள் சங்கம், மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970இல் கிளர்ச்சியில் இறங்கியது. அவ்வாண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் உழவர் மூவர் உயிரிழந்தனர். 1972இல் கோயம்புத்தூர் நகரச் சாலைகளில் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தி நகரின் இயக்கத்தையே உழவர்கள் முடக்கினர்.

இந்த வண்டிப் போராட்டத்திற்கும் 1996ஆம் ஆண்டு வேட்புமனுக்களுக்கும் இடையே உள்ள ஒப்புமை கருதத்தக்கது. சாலையில் வண்டியைக் கொண்டுவருவது குற்றமன்று. ஒருவர் தேர்தலில் நிற்பதும் குற்றமன்று. தனித்தனியே நோக்கினால் இரண்டும் அன்றாட உரிமைகள். அவற்றை ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில், ஒரே வேளையில் பயன்படுத்தும்போது நிர்வாகம் திணறுகிறது. உழவர்களிடம் பணமோ செய்தித்தாளோ இல்லை, எண்ணிக்கை இருந்தது. அந்த எண்ணிக்கையைச் சாலையிலிருந்து வாக்குச்சீட்டுக்கு மாற்றிய இடமே மொடக்குறிச்சி.

இவ்விரண்டு நிகழ்வுகளுக்கும் நடுவே வேறொரு முயற்சியும் நடந்தது. கட்சி சாராமையைத் தன் வலிமையாகக் கொண்டிருந்த சங்கத்திலிருந்து 1982இல் இந்திய விவசாயிகள் உழைப்பாளர்கள் கட்சியை நாராயணசாமி நாயுடு தோற்றுவித்தார். அக்கட்சி வேரூன்றவில்லை. 1984 டிசம்பரில், தேர்தல் காலத்திலேயே, அவர் காலமானார். கட்சி நடத்துவதற்கு வேண்டிய நிதி, நிரந்தர அலுவலகம், கூட்டணிப் பேரம் ஆகியவை வேறு. சங்கம் நடத்துவதற்கு வேண்டிய சந்தாவும் பச்சைத் துண்டும் வேறு. மொடக்குறிச்சி வேட்பாளர்கள் கட்சி வழியைத் தேர்ந்தெடுக்காமல் தேர்தல் வழியைத் தேர்ந்தெடுத்தமை இப்பின்னணியில் விளங்கும்.

தமிழில் நியமனத் தாளுக்கு ‘வேட்புமனு’ என்ற சொல் நிலைபெற்றுள்ளது. பதவியை விரும்புவோர் அளிக்கும் மனு என்பது அதன் பொருள். மாவட்ட ஆட்சியரிடம் குறைதீர் நாளில் கொடுப்பதும் மனுவே. மொடக்குறிச்சியில் இச்சொல்லின் முற்பகுதி உதிர்ந்து பிற்பகுதி மட்டும் எஞ்சியது எனலாம்: பதவி வேட்கை இல்லாத மனுக்கள். ஆட்சியர் அலுவலகத்தில் அளித்த மனுவுக்கு விடை வராமல் போகலாம். வேட்புமனுவை அவ்வாறு கிடப்பில் போட இயலாது. அதைப் பரிசீலித்து, சின்னம் ஒதுக்கி, பெயரை அச்சிட்டே ஆகவேண்டும்.

எண்கள் காட்டுவன

வெற்றி பெற்றவர் தி.மு.க. வேட்பாளர் சுப்புலட்சுமி ஜெகதீசன். அவர் பெற்றவை 64,436 வாக்குகள். இரண்டாம் இடம் பெற்ற அ.தி.மு.க. வேட்பாளர் ஆர். என். கிட்டுசாமி 24,896 வாக்குகள் பெற்றார். மாநிலம் முழுவதும் வீசிய அ.தி.மு.க. எதிர்ப்பலை இத்தொகுதியிலும் வீசியது. ஆயிரம் சுயேச்சைகள் நின்றும் 39,540 வாக்கு வேறுபாட்டில் முடிவு தெளிவாகவே அமைந்தது.

வேட்பாளர்களுள் 88 பேருக்கு ஒரு வாக்கும் கிடைக்கவில்லை. 158 பேருக்குத் தலா ஒரு வாக்கே கிடைத்தது. அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் ஒன்று அல்லது அதற்கும் குறைவான வாக்கைப் பெற்றனர். 88 பேரும் தமக்கே வாக்களித்துக்கொள்ளவில்லை என்று நகைச்சுவையாகக் குறிப்பிடுவது வழக்கம். இக்கூற்று முழுதும் சரியன்று. மாநிலத்தின் எந்தச் சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராகப் பதிவுபெற்றவரும் வேறெந்தத் தொகுதியிலும் போட்டியிடலாம் என்பது சட்டம். வேட்பாளர் ஒவ்வொருவரும் மொடக்குறிச்சியின் வாக்காளராகத்தான் இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. எனினும் உறவினர், அண்டை வீட்டார், பங்காளிகள் ஆகியோரின் வாக்குகளைக்கூட இவர்கள் கேட்டுப் பெறவில்லை என்பதை இவ்வெண்கள் ஐயமின்றி உணர்த்துகின்றன. குலம், ஊர், கோயில் என்னும் உறவு வலைகள் இறுகப் பின்னிய கொங்குச் சிற்றூரில் பத்து வாக்குகளைத் திரட்டுவது எவர்க்கும் அரிதன்று. திரட்டவில்லை என்பதே செய்தி.

ஆகவே இங்கு வேட்பாளராக நின்ற உழவரும் வாக்களித்த உழவரும் இருவேறு செயல்களை ஆற்றினர். ஆட்சி யாரிடம் செல்லவேண்டும் என்பதை வாக்கால் சொன்னார்கள். எந்த ஆட்சியும் தம்மைக் கேட்கவில்லை என்பதை வேட்புமனுவால் சொன்னார்கள். ‘டெபாசிட் இழந்தார்’ என்பது தமிழ் அரசியல் மேடையில் கடுமையான இகழ்ச்சி. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைப் பெறாதோர் அத்தொகையை இழப்பர். இழப்பதற்கென்றே பணத்தைக் கட்டியவர்களிடம் அந்த இகழ்ச்சி செல்லுபடியாகவில்லை.

மறுதரப்பின் நியாயத்தையும் குறைத்து மதிப்பிடலாகாது. எழுத்தறியாத முதியவர் ஒருவர் தாம் தேடும் சின்னத்தை ஒரு புத்தகத்தில் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டுபிடிக்கவேண்டியிருந்தது. வேட்பாளர் கோரிக்கையின் சுமை வாக்காளர் கையில் விழுந்தது. தேர்தல் நடத்துவோருக்கு அச்சு, சின்ன ஒதுக்கீடு, வாக்கு எண்ணிக்கை என ஒவ்வொரு படியிலும் இடர். இத்தகைய போட்டியை எல்லைப்படுத்த அரசு முற்பட்டதில் வியப்பில்லை. எந்தக் கருவியால் எல்லைப்படுத்தியது என்பதே வினா.

250 ரூபாயும் 5,000 ரூபாயும்

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சட்டமன்றத்துக்கு 250 ரூபாயும் மக்களவைக்கு 500 ரூபாயும் வைப்புத்தொகையாக விதித்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அதில் பாதி. நாற்பத்தைந்து ஆண்டுகள் இத்தொகை மாறவில்லை. 1996 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதனை முறையே 5,000, 10,000 ரூபாயாக உயர்த்தியது. ஏற்பளிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும். ஏனையோருக்குத் தொகுதி வாக்காளர் பதின்மர் வேண்டும் என்ற வேறுபாடும் அப்போதுதான் புகுத்தப்பட்டது. பரப்புரைக்கான குறைந்தபட்சக் காலம் 20 நாள்களிலிருந்து 14 நாள்களாகக் குறைந்தது.

இதற்கு மொடக்குறிச்சி மட்டுமே காரணம் என்பது மிகையாகும். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேரும் கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேரும் போட்டியிட்டனர். நல்கொண்டாவின் கோரிக்கை ஃப்ளோரைடு கலந்த குடிநீரைப் பற்றியது. பெல்காமினது எல்லைச் சிக்கல். தேர்தல் சீர்திருத்தம் பற்றிய விவாதமும் 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழு அறிக்கை அளித்த காலம் முதலே நடந்துவந்தது. திருத்தத்தின் விளைவு உடனே தெரிந்தது. 1996இல் நாடு முழுவதும் மக்களவைக்கு 13,952 பேர் போட்டியிட்டனர். 1998இல் 4,750 பேர்.

மொடக்குறிச்சியின் கணக்கை இத்திருத்தத்தோடு பொருத்திப் பார்க்கலாம். 1,033 பேரும் முழுத்தொகை கட்டியதாகக் கொண்டாலும் 1996இல் மொத்தச் செலவு 2,58,250 ரூபாய். புதிய விகிதத்தில் 51,65,000 ரூபாய். 2010 முதல் சட்டமன்ற வைப்புத்தொகை 10,000 ரூபாயாகிவிட்டதால் இன்று அது ஒரு கோடியைத் தாண்டும். முன்னர் ஒவ்வொருவரும் தம் கையிருப்பைக் கொண்டே செய்ய முடிந்த ஒன்று, இப்போது நிதி திரட்டாமல் நடவாது. நன்கொடையின்றி நிற்க விரும்பும் ஏழை வேட்பாளர், நிற்பதற்கே நன்கொடை தேடவேண்டியவராகிறார். வசதி படைத்தவர் எவரிடமும் கையேந்தாமல் நிற்கலாம். அவருடைய நன்கொடை மறுப்பு கொள்கையாகப் போற்றப்படும்.

பணத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதிர்த்திசையில் சென்றிருந்தது என்பதையும் சேர்த்துக் காணவேண்டும். கன்வர்லால் குப்தா வழக்கில் 1974இல் உச்சநீதிமன்றம், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றது. அதே ஆண்டிலேயே சட்டம் திருத்தப்பட்டு, கட்சிச் செலவு உச்சவரம்புக்கு வெளியே நிறுத்தப்பட்டது. 1969இல் தடைசெய்யப்பட்ட நிறுவன நன்கொடை 1985இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஒருபுறம் கட்சிக்கு வரும் பெரும்பணத்தின் மீதான கட்டுகள் தளர்ந்தன. மறுபுறம் 250 ரூபாயுடன் வந்தவர் தீவிரமற்ற வேட்பாளர் எனக் கருதப்பட்டார். தீவிரத்தை அளக்கும் கோலாகச் சட்டம் பணத்தையே தேர்ந்தது. பதின்மர் முன்மொழிவு என்ற விதி ஆளைக் கொண்டு தீவிரத்தை அளக்கிறது. அது தனியே நின்றிருந்தால் இத்தகைய குறைகூறலுக்கு இடமிருந்திராது. மொடக்குறிச்சியில் ஒருவர்க்கொருவர் முன்மொழிய ஆளுக்கா பஞ்சம்?

உண்டியலும் கூட்டணியும்

பணத்தின் பிடியிலிருந்து விலகி நிற்கும் மற்றொரு மரபு கோயம்புத்தூர் நகரிலேயே இருந்தது. கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியின் முதல் தேர்தலில் போட்டியே நிகழவில்லை, தி. அ. இராமலிங்கம் செட்டியார் எதிர்ப்பின்றித் தேர்வானார். 1957இல் அத்தொகுதியைக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் பார்வதி கிருஷ்ணன் வென்றார், 1967இல் கே. ரமணி வென்றார். பஞ்சாலை நகரில் ஆலை முதலாளிகளின் பணத்தை எதிர்த்து நின்றோர் தொழிற்சங்கத்தையும் உண்டியல் வசூலையும் நம்பினர். இது நன்கொடை மறுப்பன்று. பலரிடம் சிறிதாகப் பெறுவதால் எவர்க்கும் கடன்படாத முறை.

அம்முறையும் கூட்டணிக் காலத்தில் தன் எல்லையைக் கண்டது. 2019 மக்களவைத் தேர்தலுக்குத் தி.மு.க. தேர்தல் ஆணையத்திடம் அளித்த செலவுக்கணக்கு, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி ரூபாய் வழங்கியதைக் காட்டியது. அத்தேர்தலில் திருப்பூர், கோயம்புத்தூர், நாமக்கல் ஆகிய கொங்குத் தொகுதிகளில் முறையே இம்மூன்று கட்சிகளின் அணியினர் வென்றனர். தேர்தல் பத்திரங்களை ஏற்க மறுத்து அவற்றை எதிர்த்து வழக்கும் தொடுத்த மார்க்சிஸ்ட் கட்சியின் நிலைப்பாடு 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றத் தீர்ப்பால் நிலைநாட்டப்பட்டது. பெருநிறுவனப் பணத்தை மறுத்த கட்சியும் பெரிய தோழமைக் கட்சியின் பணத்தை மறுக்கும் நிலையில் இல்லை என்பது, தேர்தலில் வெல்ல விரும்புவோர் அனைவர்க்கும் உள்ள இக்கட்டு. மொடக்குறிச்சியினர் வெல்ல விரும்பாததால் மட்டுமே அதிலிருந்து தப்பினர்.

நிஜாமாபாத்

மொடக்குறிச்சி வழி 1996உடன் அடைபட்டுவிட்டதா? 2013இல் உச்சநீதிமன்றம் ‘மேற்கண்ட எவருமில்லை’ என்ற வாய்ப்பை வாக்குப்பதிவு இயந்திரத்தில் சேர்க்கச் செய்தது. அதிருப்தியைத் தெரிவிக்க இனி ஆயிரம் பேர் நிற்கவேண்டியதில்லை என்று வாதிடலாம். ஆனால் அப்பொத்தானுக்குப் பெயரில்லை, கோரிக்கையில்லை. அழுத்தியவர் மஞ்சள் விலைக்காக அழுத்தினாரா வேறெதற்காகவா என்பது அறியப்படாது.

அதனாலேயே 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் தொகுதியில் 185 பேர் களமிறங்கினர். அவர்களுள் 170க்கும் மேற்பட்டோர் உழவர்கள். மஞ்சளுக்கு ஆதரவு விலையும் தனி வாரியமும் கேட்டவர்கள். அப்போது மக்களவை வைப்புத்தொகை 25,000 ரூபாய். உழவர்கள் மட்டும் கட்டிய தொகை 42 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 வாக்குப்பதிவுக் கருவிகளை வரிசையாக வைக்கவேண்டியிருந்தது. பதவியிலிருந்த உறுப்பினர் கவிதா தோற்று, பாரதிய ஜனதா கட்சியின் தர்மபுரி அரவிந்த் வென்றார். மொடக்குறிச்சியைப் போலவே இங்கும் மஞ்சள் வயல்கள். இங்கும் வென்றவர் பெரிய கட்சியின் வேட்பாளர். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டபோது அதன் தலைமையகம் நிஜாமாபாத்தில் அமைந்தது. மஞ்சள் சந்தைக்குப் பெயர்பெற்ற, 2019இலேயே தன் மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டுக்கு அத்தலைமையகம் வரவில்லை.