உயிலுக்குக் காவல் யார்?

உயில் எழுதுவது வெள்ளைக்காரர்களோடு வந்த வழக்கம், கூட்டுக் குடும்பத்துக்கு அது தேவைப்பட்டதே இல்லை என்று சொல்வோர் இன்றும் உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. தமிழகத்தில் செல்லுபடியான மிதாட்சரம் என்னும் இந்துச் சட்ட முறையில், மகன் பிறந்தவுடனேயே பூர்வீகச் சொத்தில் பங்குடையவன் ஆனான். பிரியாத குடும்பத்தில் ஒருவர் இறந்தால், அவர் பங்கு மற்றப் பங்காளிகளைச் சேர்ந்தது. அந்தச் சொத்தைப் பற்றி எழுதிவைக்க அவருக்கு உரிமையே இல்லை. ஆனால் தன் காலத்துக்குப் பிறகும் தன் பொருள் ஒரு நோக்கத்துக்காகவே செலவாக வேண்டும் என்று கட்டிவைக்கும் முறை இங்கே ஆயிரம் ஆண்டுகளாக இருந்தது. அந்த முறை நிலைத்ததற்குக் காரணம், எழுதிய வாசகத்தோடு அதற்குப் பொறுப்பேற்கும் மனிதர்களையும் அது ஏற்படுத்தியதுதான்.

சோழர் காலக் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய வேண்டுமென்று விரும்பியவர் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ என்று குறிக்கப்பட்டன. மந்தையில் எது செத்தாலும் கிழடானாலும், குட்டிகளைக் கொண்டு ஈடுசெய்து முதலைக் குறையாமல் வைத்திருப்பது இடையரின் கடமை. முதல் எது, வருவாய் எது, பொறுப்பாளர் யார், பயன் எதற்கு என்ற நான்கும் இதில் தெளிவாக இருந்தன. நிபந்தனை கோயில் சுவரில் வெட்டப்பட்டதால் ஊரறிந்த செய்தியானது. பல ஊர்களில் சபையாரும், சிவன் கோயில்களில் பன்மாகேசுவரர் என்ற சிவனடியார் கூட்டமும் அதற்குக் காவலாக நின்றார்கள்.

எழுத்து மட்டும் இருந்து காவல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சென்னையின் புகழ்பெற்ற உயில் காட்டுகிறது. துபாஷியாக (வணிகத்தில் இடைநின்ற மொழிபெயர்ப்பாளராக) இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794 மார்ச்சில் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, கோயில் திருப்பணிகளுக்கும் தருமங்களுக்கும் தன் செல்வத்தை எழுதிவைத்தார். இந்து ஒருவர் எழுதிய உயில்களில் நமக்குத் தெரிந்தவரை மிகப் பழையவற்றுள் ஒன்று அது. விருப்பம் தெளிவாக இருந்தும் தருமங்கள் நடைபெறவில்லை. சொத்து பல பத்தாண்டுகள் வழக்கில் கிடந்தது. அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியால் நீதிமன்றம் தலையிட்டு, கணக்குக் காட்டும் கடமையுள்ள அறங்காவலர் குழு அமைந்த பிறகே பணம் பயன்பட்டது. கோயில் தருமங்களுக்குப் போக எஞ்சிய பெருந்தொகையிலிருந்து 1842-இல் பள்ளி திறந்தது. 1889-இல் அது கல்லூரியாக வளர்ந்தது. அவர் எழுதிய அதே உயில்தான். நாற்பத்தெட்டு ஆண்டுகளில் மாறியது, பொறுப்பேற்க ஆட்கள் வந்ததுதான்.

கூட்டுக் குடும்பமே போதுமான காவல், உயில் வந்துதான் குடும்பங்களைப் பிரித்தது என்பது ஒரு மறுப்பு. அந்தக் காவல் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. பிரியாத குடும்பத்து விதவைக்கு 1937-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை ஜீவனாம்சம்தான் உரிமை. தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை 1989-இல்தான் வந்தது. அதுவரை, சுயமாகச் சம்பாதித்ததை மனைவிக்கோ மகளுக்கோ உறுதிப்படுத்த உயில் ஒரு முக்கிய வழியாக இருந்தது. அதே உயிலால் மகளை ஒதுக்கவும் முடிகிறது என்பதை மறைக்கக் கூடாது: 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, கூட்டுச் சொத்தில் தன் பங்கையும் ஒருவர் உயிலில் எழுத இடம் தந்தது. அந்தச் சுதந்திரம் அநீதியாகவும் பயன்பட்டிருக்கிறது. அதற்கு மருந்து, எழுதுவதற்கு முன்பே குடும்பம் பேசித் தீர்ப்பது. எழுதாமல் விட்டுப் போவது சண்டையை அடுத்த தலைமுறையிடம் தள்ளிவிடுவதே ஆகும்.

கோயில் விளக்குக்கும் குடும்பச் சொத்துக்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கலாம். ஊர் முழுவதும் கவனித்த தருமத்துக்கே காவல் வேண்டியிருந்தது என்றால், நான்கு சுவருக்குள் கிடக்கும் பத்திரத்துக்கு அது இன்னும் அதிகமாக வேண்டும். 1870-ஆம் ஆண்டு இந்து உயில் சட்டம், சென்னை நகரில் எழுதப்படும் உயிலுக்குக் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்று விதித்தது. 1927 முதல் எல்லா ஊர்களிலும் இந்துக்கள் எழுதும் உயிலுக்கு அது பொருந்தியது. இந்த விதிகள் உயில் உண்மையானதா என்பதைத்தான் உறுதிசெய்யும்; அது நிறைவேறுமா என்பதற்கு உத்தரவாதம் தராது. ஆகவே உயில் எழுதுகிறவர், யாருக்கு எவ்வளவு என்று யோசிக்கும் அதே அக்கறையோடு, நிறைவேற்றுபவர் யார், அவருக்குப் பிறகு யார், அவர் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். சிறு பிள்ளைகளோ, தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாதவர்களோ இருக்கும் வீட்டில், மொத்தச் சொத்தையும் ஒருவர் கையில் கொடுப்பதைவிட, முதலைக் காத்து வருவாயை அவர்களுக்குச் செலவிடும் அறக்கட்டளை பொருத்தமானது. கல்லில் வெட்டியவர்கள் அன்றே கண்டுகொண்ட நெறி அது. வீட்டுச் சொத்துக்கும் அதையே கைக்கொள்ள வேண்டும்.