பால் பற்களின் அமில அரிமானம்

கிருமிகளின் பங்கு ஏதுமின்றி, அமிலம் நேரே பட்டு எனாமல் கரைவது பல் அரிமானம். சொத்தை வேறு, இது வேறு. சொத்தையில் வாய்க் கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. பல்லில் ஓரிடத்தில் குழி விழுகிறது. அரிமானத்திலோ உணவிலிருந்தோ இரைப்பையிலிருந்தோ அமிலம் அமிலமாகவே வந்துசேர்கிறது. பல்லின் பரப்பு பரவலாகத் தேய்ந்து மழமழப்பாகிறது. பளபளவென்று அழுக்கில்லாமல் இருப்பதால், நல்ல பல் என்றே பெற்றோர் நினைத்துவிடுவதுண்டு.

கூர்ந்து பார்த்தால் தெரியும். முன்பற்களின் விளிம்பு மெலிந்து ஒளி ஊடுருவும். கடைவாய்ப் பற்களின் மேடுகளில் சிறு கிண்ணம்போல் பள்ளங்கள் விழும். ஏற்கெனவே அடைத்த பல்லாக இருந்தால், சுற்றியுள்ள பகுதி கரைந்து அடைப்பு மட்டும் துருத்தி நிற்கும். எனாமல் போன இடத்தில் உள்ளிருக்கும் மஞ்சள் நிற டென்டைன் வெளிப்படும், பல் கூசும்.

பால் பல்லின் எனாமல், நிலைப்பல்லில் உள்ளதைப்போல ஏறக்குறைய பாதித் தடிமன்தான். கனிமச் செறிவும் குறைவு. அதனால் தேய்மானம் சீக்கிரமே டென்டைனை எட்டிவிடுகிறது. 1993இல் பிரிட்டனில் நடந்த தேசியக் குழந்தைகள் பல்நல ஆய்வில், ஐந்து வயதினரில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அரிமானம் காணப்பட்டது. ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு அது எனாமலைத் தாண்டியிருந்தது.

புறக் காரணங்களில் முதன்மையானவை குளிர்பானங்கள், பழச்சாறுகள், புளிப்பு மிட்டாய்கள், சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரைகள். கோலா பானங்களின் பிஎச் அளவு 2.5 வாக்கில் இருக்கும். ஆரஞ்சுச் சாறு 3.5 முதல் 4 வரை. பழி வழக்கமாகச் சர்க்கரைமேல் விழுகிறது; ஆனால் ‘சர்க்கரை சேர்க்காதது’ என்று விற்கப்படும் பானமும் எனாமலைக் கரைக்கும். புளிப்பை மட்டும் வைத்தும் முடிவுகட்ட முடியாது: தயிரும் புளிப்புதான், ஆனால் அதிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் பல் கரையாமல் காக்கின்றன. சிட்ரிக் அமிலத்துக்கோ பல்லின் கால்சியத்தைப் பற்றி இழுக்கும் குணமும் உண்டு.

எவ்வளவு குடித்தது என்பதைவிட எப்படிக் குடித்தது என்பதே பெரும்பாலும் முக்கியம். உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, மென்மையான எனாமலை மீண்டும் இறுக வைக்கும். அதற்கு அவகாசம் வேண்டும். பழச்சாற்றுப் பாட்டிலை நாள் முழுவதும் உறிஞ்சும் குழந்தைக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பு வெகுவாகக் குறைவதால், படுக்கையில் பாட்டிலோடு உறங்கும் பழக்கம் இன்னும் கெடுதல். ஒரு வயதுவரை பழச்சாறே வேண்டாம், மூன்று வயதுவரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2017இல் பரிந்துரைத்தது.

அகக் காரணம் இரைப்பை அமிலம். கைக்குழந்தை பால் கக்குவது இயல்பு. பல் முளைத்த பின்னும் அமிலம் மேலேறிக்கொண்டிருந்தால், மேல்வரிசை முன்பற்களின் உட்புறம் தேய்கிறது. நெஞ்செரிச்சலைச் சொல்லத் தெரியாத வயதில், நோயின் முதல் தடயம் பல் மருத்துவரின் கண்ணில்தான் சில சமயம் படும். வாந்தியெடுத்த கையோடு பல் துலக்கினால் இளகிய எனாமல் உரிந்துபோகும். தண்ணீரால் கொப்பளித்தால் போதும்.

கரைந்துபோன எனாமல் திரும்ப வளராது. ஃப்ளூரைடு பூச்சு மேற்கொண்டு தேய்வதைக் குறைக்கும். கூச்சம் மிகுந்தால் அடைப்போ உலோக உறையோ பொருத்துவார்கள். தேய்மானம் நின்றுவிட்டதா தொடர்கிறதா என்பதை ஒரே பார்வையில் சொல்ல முடியாததால், புகைப்படமோ பல்லின் அச்சோ எடுத்து வைத்து, சில மாதங்கள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.