எதோடு ஒப்பிட்டார்கள்?

தொலைபேசியும் கணினியும் மனநோய்க்கு உதவுமா என்று சோதித்த இரண்டு ஆய்வுகளில் ஒன்று நம் நாட்டினுடையது, மற்றது இங்கிலாந்தினுடையது. மேலோட்டமாகப் பார்த்தால் நம்முடையது வென்றது, அவர்களுடையது தோற்றது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை.

மரசிங்கவும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட இலங்கை ஆய்வில் 68 பேர். எல்லோரும் தற்கொலைக்கு முயன்று வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்கள். எழுமாறாக இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே சிகிச்சை கொடுத்தார்கள். பிரச்சினைகளைப் பிரித்துப் பார்த்துத் தீர்க்கும் பயிற்சி, தியானம், உறவினர் ஆதரவைத் தேடிக்கொள்ளும் வழி, குடி பற்றிய ஆலோசனை ஆகியவற்றோடு கைத்தொலைபேசி வழியான தொடர் கவனிப்பும் அதில் இருந்தது. மற்றக் குழு ஆறு மாதம் வழக்கமான கவனிப்போடு காத்திருந்து, பிறகு அதே சிகிச்சையைப் பெற்றது. சிகிச்சை பெற்றவர்களிடம் தற்கொலை எண்ணமும் மனச்சோர்வும் கூடுதலாகக் குறைந்தன. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த இரண்டாவது செய்தியை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

2015இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு பத்து மடங்கு பெரியது: மனச்சோர்வுள்ள 691 பேர். குடும்ப வைத்தியரின் வழக்கமான சிகிச்சையோடு சிலருக்கு ‘பீட்டிங் த ப்ளூஸ்’, சிலருக்கு இலவசமான ‘மூட்ஜிம்’ என்ற கணினிப் பாடங்களைச் சேர்த்தார்கள். நான்கு மாதத்தில் கூடுதல் பயன் ஒன்றும் தெரியவில்லை. பாதிப் பேர் முதல் ஒன்றிரண்டு பாடங்களைத் தாண்டவே இல்லை. சோர்ந்த மனிதரிடம் வீட்டுப்பாடம் கொடுத்தால் வேறென்ன நடக்கும்?

ஆனால் இரண்டு ஆய்விலும் ‘வழக்கமான’ என்ற சொல்லுக்குள் இருப்பது வேறு வேறு. அங்கே அது குடும்ப வைத்தியர், மருந்து, தேவைப்பட்டால் ஆலோசகர். இங்கே உயிர் பிழைத்து வீடு திரும்பியவருக்குப் பெரும்பாலும் ஒரு துண்டுச் சீட்டு. ஏறக்குறைய ஒன்றுமில்லாததோடு போட்டியிட்டால் எந்த அக்கறையும் ஜெயிக்கும். அந்த அக்கறை தொலைபேசி வழியாகத்தான் வந்திருக்க வேண்டுமா என்பதற்கு இலங்கை ஆய்வில் விடை இல்லை. அதே ஆங்கிலேயக் குழு அடுத்த ஆய்வில் மூட்ஜிம்மோடு தொலைபேசியில் வழிநடத்தும் ஆளையும் சேர்த்தபோது நான்கு மாதத்தில் பயன் தெரிந்தது. ஓராண்டில் அதுவும் கரைந்துவிட்டது.

கலஹாவைச் சுற்றிய தேயிலைத் தோட்டங்களுக்கு இது வெறும் புள்ளிவிபரச் சண்டை அல்ல. பேராதனை கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை. பஸ் காசும் போகும். தொலைபேசி அந்தச் செலவை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் லயத்து அறையில் ஒரு போனை நாலு பேர் பாவிக்கும்போது, புருஷனைப் பற்றியோ மாமியாரைப் பற்றியோ யாரிடம் மனம் திறந்து பேச முடியும்? பேசும் ஆள் தமிழில், அதுவும் தோட்டத்துத் தமிழில் பேச வேண்டும்.

இங்கே ஒரு ஆய்வு நடத்தினால், ஒப்பீட்டுக் குழுவுக்கு 1926 என்ற மனநல உதவி அழைப்பு எண்ணை மட்டும் கொடுத்து அனுப்புவது நியாயமான போட்டி ஆகாது. அவர்களுக்கு மாதம் ஒரு தடவை கிளினிக் போய்வர பஸ் காசும், இழந்த நாளுக்குரிய கூலியும் கொடுக்க வேண்டும். அதையும் தாண்டித் தொலைபேசி பயன் தந்தால் நான் நம்புவேன்.