மாடியில் விரிந்த வானவில்

விழா மலர்களில் பள்ளிக்கூடத்துக்கென்று ஒரு பக்கம் எப்போதும் உண்டு. அரசுத் தேர்வில் எத்தனை விழுக்காடு தேர்ச்சி, மாவட்டத்தில் முதலிடம் பெற்றவர் யார், கால்பந்தில் வென்ற கேடயம் எது, சாரணர் படையில் எத்தனை பேர் என்று பெருமையோடு பட்டியலிடுவோம். கோப்பையோடு நிற்கும் மாணவரின் படத்தையும் கீழே அச்சிடுவோம். அது முறைதான். பிள்ளைகளின் உழைப்பைப் பாராட்டாத பங்கு உண்டா?

ஆயினும், அந்தப் பட்டியலில் இடம்பெறாத சாதனை ஒன்று உண்டு. கோப்பையாக அதைக் கையில் பிடிக்க முடியாது. விழுக்காட்டில் அதை எழுதிவிட முடியாது. கல்கத்தாவில் சியால்டா இரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள லொரேட்டோ பகல்நேரப் பள்ளியின் மாணவியர் செய்த சாதனை அத்தகையது. பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமியர் தாமே ஆசிரியைகளாகித் தெருவில் வாழ்ந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த வரலாறு அது. நம் பள்ளிகளின் பணியை எண்ணிப் பார்க்கும் இவ்விழா வேளையில் அதைச் சொல்வது பொருத்தமே.

லொரேட்டோ கன்னியர்

பெண் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கு நிகரான கல்வி வேண்டும் என்று பதினேழாம் நூற்றாண்டிலேயே வாதாடியவர் இங்கிலாந்து நாட்டு மேரி வார்டு அம்மையார் (1585–1645). அவர் வழிவந்த சபையின் அயர்லாந்துக் கிளையை டப்ளினை அடுத்த ராத்ஃபார்ன்ஹாமில் நிறுவியவர் தெரசா பால் அம்மையார். அங்கிருந்து கப்பலேறிய லொரேட்டோ கன்னியர் 1841-இன் இறுதியில் கல்கத்தா வந்து சேர்ந்தனர். அவர்கள் தொடங்கிய பள்ளிகளுள் ஒன்றுதான் சியால்டா பள்ளி. அது தோன்றிய ஆண்டு 1857.

இச்சபையின் பெயர் நமக்குப் புதிதன்று. அன்னை தெரசா முதலில் ஒரு லொரேட்டோ கன்னியரே. எண்டலியிலுள்ள புனித மரியா பள்ளியில் ஆசிரியையாகவும் பின்னர்த் தலைமையாசிரியையாகவும் பணியாற்றியவர் அவர். 1948-இல் மடத்தின் மதிலைக் கடந்து சேரிக்குச் சென்றார். அங்கும் அவர் முதலில் தொடங்கியது சிறுவர்க்கான பள்ளியே. அவர் பள்ளியை விட்டு ஏழைகளிடம் சென்றார். சியால்டாவில் நடந்ததோ வேறு வழி: பள்ளியே ஏழைகளுக்குக் கதவைத் திறந்தது.

1979-இல் எழுந்த கேள்வி

சியால்டா நிலையம் நாட்டின் நெரிசல் மிகுந்த இரயில் நிலையங்களுள் ஒன்று. 1947-இல் நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் ஆயிரக்கணக்கில் அதன் நடைமேடைகளில் தங்கினர். பின்னரும் பிழைப்புத் தேடி நகருக்கு வந்த ஏழைக் குடும்பங்கள் சுற்றிலுமுள்ள நடைபாதைகளில் குடியிருந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் குப்பை பொறுக்கியும் சில்லறை வேலை செய்தும் வளர்ந்தனர். பள்ளிச் சீருடையணிந்த சிறுமியர் நாள்தோறும் அவர்களைக் கடந்துதான் வகுப்புக்குச் சென்றனர்.

1979-இல் இப்பள்ளியின் பொறுப்பை ஏற்றவர் அருட்சகோதரி சிரில் மூனி. அயர்லாந்தின் பிரே என்னும் ஊரில் 1936-இல் பிறந்து, இருபது வயதில் இந்தியா வந்தவர். விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றவர். அவர் பொறுப்பேற்றபோது பள்ளியில் 790 மாணவியர் இருந்தனர். அவர்களுள் ஏழைச் சிறுமியர் 90 பேர் மட்டுமே.

இத்தனை அறைகள், இத்தனை ஆசிரியைகள், இத்தனை மாணவியர். இவை யாவும் வசதியுள்ள சிலருடைய முன்னேற்றத்துக்கு மட்டுந்தானா? மதிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கும் இதில் பங்கில்லையா? இக்கேள்விதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். பள்ளி என்பது சுற்றுப்புறச் சமூகம் முழுவதற்கும் பயன்படும் ஊற்றாக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். கட்டணம் செலுத்தும் மாணவியருக்குச் சமமாக ஏழைச் சிறுமியரையும் படிப்படியாகச் சேர்த்தார். 1998-இல் பள்ளியில் பயின்ற 1,400 பேரில் பாதிப்பேர், அதாவது 700 பேர், கட்டணம் செலுத்த இயலாத குடும்பத்தினர். அவர்களுக்குத் தனி வகுப்பு இல்லை, தனி நேரம் இல்லை. ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமர்ந்து படித்தார்கள்.

வியாழக்கிழமைப் பயணம்

சேர்த்துக்கொண்டது நிருவாகத்தின் செயல். மாணவியரின் செயல் வேறொன்று. வாரந்தோறும் வியாழக்கிழமை சுமார் 150 மாணவியர் பேருந்தில் ஏறி நகருக்கு வெளியேயுள்ள சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் செல்வார்கள். ஆளுக்குச் சில சிறுவரை அருகில் வைத்துக்கொண்டு எழுத்தும் எண்ணும் சொல்லித் தருவார்கள். குழந்தைக்குக் குழந்தையே ஆசான் என்னும் இத்திட்டத்தால் பயனடைந்த கிராமச் சிறுவர் ஆயிரக்கணக்கானோர்.

நகரத்துப் பிள்ளை இதில் என்ன கற்றாள்? பள்ளியில் கூரை ஒழுகினால் பாடம் நின்றுவிடும் என்பதையும், நெல் அறுவடைக் காலத்தில் வகுப்பு காலியாகிவிடும் என்பதையும் புத்தகத்தில் படிப்பது ஒன்று. அங்கே போய் உட்கார்ந்து அறிவது மற்றொன்று. தான் புரிந்துகொள்ளாத ஒன்றைப் பிறருக்குப் புரியவைக்க முடியாது என்ற உண்மையும் அங்கேதான் விளங்கும். ஆசிரியப் பணி செய்தோர் இதை நன்கறிவர்.

மாடியில் தொடங்கிய பள்ளி

1985-இல் ‘வானவில்’ என்ற பெயரில் அடுத்த முயற்சி தொடங்கியது. தெருவில் வாழ்ந்த பிள்ளைகள் தமக்கு இயன்ற நேரத்தில் பள்ளிக்கு வரலாம். காலை மணியடித்ததும் வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேலைக்குப் போய்வந்த பின் வரலாம். இரண்டு நாள் வராமலிருந்து மூன்றாம் நாளும் வரலாம். பள்ளியின் மாடியில் அவர்களுக்குப் பாடம் நடந்தது.

அவர்களை ஒரே வகுப்பாக உட்காரவைத்துப் பாடம் நடத்த இயலாது. எட்டு வயதில் எழுத்தே அறியாதவள் ஒருத்தி. பன்னிரண்டு வயதில் கூட்டல் மட்டும் தெரிந்தவள் இன்னொருத்தி. ஆளுக்கு ஒரு ஆசிரியை வேண்டும். அத்தனை ஆசிரியைகளுக்கு எங்கே போவது? கீழே வகுப்பறைகளில் நூற்றுக்கணக்கில் இருந்தார்களே! ஐந்தாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையுள்ள மாணவியர், பாடத்திட்டத்தில் தொழிற்கல்விக்கென ஒதுக்கிய நேரத்தில், முறைவைத்து மாடிக்குச் சென்றனர். ஒரு மாணவிக்கு ஒரு பிள்ளை என்று அருகமர்ந்து கற்பித்தனர். விருப்பமுள்ளோர் மட்டும் ஓய்வு நேரத்தில் செய்த தருமமன்று இது. எல்லா மாணவியருக்கும் உரிய பாடமாகவே இது கால அட்டவணையில் இடம்பெற்றது.

ஓரளவு தேறிய பிள்ளை, தன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட்டாள். சிலர் அப்பள்ளியிலேயே சேர்ந்தனர். பலர் அருகிலுள்ள பிற பள்ளிகளில் சேர்ந்தனர். நடைபாதையில் இரவைக் கழிப்பது பெண் பிள்ளைகளுக்கு எத்துணை ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. எனவே பின்னர் அவர்கள் இரவில் தங்கவும் அப்பள்ளிக் கட்டடத்திலேயே இடம் கிடைத்தது. பகலில் பாடம் நடந்த பள்ளி இரவில் வீடாயிற்று. இதே பெயரில் இல்லங்கள் பிற்காலத்தில் நம் சென்னை உட்பட வேறு பல நகரங்களிலும் ஏற்பட்டன.

வீட்டுக்குள் மறைந்திருந்த சிறுமியர்

தெருவில் நிற்கும் பிள்ளை கண்ணுக்குத் தெரிவாள். அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பிள்ளை தெரியமாட்டாள். இவர்களையும் தேடிச் சென்றவர்கள் இப்பள்ளி மாணவியரே. தாம் குடியிருந்த தெருக்களில் வீட்டு வேலைக்கு வைக்கப்பட்டிருந்த சிறுமியரைக் கண்டறிந்து, முதலில் நட்புக் கொண்டனர். பிறகு வீட்டுக்காரரிடம் பேசி, விளையாடவும் படிக்கவும் அச்சிறுமியரை அனுப்புமாறு கேட்டனர்.

பள்ளி மாணவி ஒருத்தி அக்கம்பக்கத்துப் பெரியவரிடம் போய் இப்படிக் கேட்பது எளிதா? ஒரு பந்தயத்தில் ஓடுவதைவிட அதற்குத் துணிவு வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் 10 முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. ஆனால் சட்டம் வாசற்படியோடு நின்றுவிடும். உள்ளே செல்ல ஒரு தோழி வேண்டும்.

படிப்புக் கெட்டுவிடாதா?

இதைக் கேட்கும் பெற்றோர் மனத்தில் எழும் முதல் வினா இதுதான். நாமும் பெற்றோர்தாமே! பிறர் பிள்ளைக்குப் பாடம் சொல்லப் போனால் தன் பாடம் என்னாவது? ஏழைப் பிள்ளைகள் பாதிப்பேர் வந்துவிட்டால் பள்ளியின் தரம் தாழாதா?

சியால்டா பள்ளி, போட்டியைக் காட்டிலும் கூட்டுறவுக்கே முதலிடம் தந்தது. முன்னால் ஓடுபவள் பின்தங்கியவளுக்குக் கைகொடுப்பதே அங்கு பழக்கம். அதனால் அப்பள்ளி தாழ்ந்துவிடவில்லை; பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதையும் நிறுத்தவில்லை. மாணவியர் எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் 790-இலிருந்து 1,400 ஆக உயர்ந்ததே அதற்குச் சான்று. எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோ நிறுவனம் வழங்கும் நோமா பரிசு 1994-இல் இப்பள்ளியின் பணிக்குக் கிடைத்தது. 2007-இல் இந்திய அரசு சகோதரி சிரிலுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 2011 வரை அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பை வகித்த அவர், 2023 ஜூன் 24 அன்று இறைவனடி சேர்ந்தார். வந்த நாட்டிலேயே வாழ்ந்து, அம்மண்ணிலேயே கண்மூடினார்.

விருதுகள் சகோதரியின் பெயரில் வந்தன. ஆனால் மாடிப்படி ஏறி, அழுக்குச் சட்டைப் பிள்ளையின் கையைப் பிடித்து முதல் எழுத்தை எழுதவைத்தவர்கள் மாணவியர். அவர்கள் பெயர்கள் எந்தக் கேடயத்திலும் பொறிக்கப்படவில்லை. நற்செய்தியில் ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொண்டுவந்த சிறுவனுக்கும் பெயரில்லை. ஆயினும் ஐயாயிரம் பேர் உண்டது அவன் கொடுத்ததிலிருந்துதான்.

யூபிலியின் பொருள்

2009-இல் நிறைவேறிய கட்டாயக் கல்விச் சட்டம், தனியார் பள்ளிகள் தம் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்றது. சிறுபான்மைப் பள்ளிகளை இச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சியால்டா பள்ளியோ சட்டம் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே 50 விழுக்காட்டை எட்டியிருந்தது. யாரும் கேட்கவில்லை, மனச்சாட்சி கேட்டது. சட்டம் விலக்களித்த இடத்தில் மனச்சாட்சி விலக்களிக்குமா என்பதே கத்தோலிக்கப் பள்ளி ஒவ்வொன்றின் முன்னும் நிற்கும் வினா.

இவ்வினா நமக்கு அந்நியமன்று. நம் பங்குகள் பலவற்றில் கோயிலையொட்டிய ஓலைக் கொட்டகையில்தான் பள்ளிகள் தோன்றின. வேறெங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகளே அங்கே முதல் மாணாக்கர். அக்கொட்டகை இன்று மாடிக் கட்டடமாய் உயர்ந்திருக்கலாம். அந்த முதல் மாணாக்கரின் இன்றைய வாரிசு யார்? செங்கற்சூளையிலும் கட்டட வேலை நடக்குமிடத்திலும் வெளிமாநிலத்திலிருந்து வந்த பெற்றோரோடு இருக்கும் பிள்ளையா? அவள் நம் பள்ளி வாசலைக் கடந்து போகிறாளா, உள்ளே வருகிறாளா?

பழைய ஏற்பாட்டுக் காலத்தில் ஐம்பதாம் ஆண்டாகிய யூபிலியில் எக்காளம் முழங்கும். இழந்த நிலம் உரியவருக்குத் திரும்பும். அடிமைகள் வீடு திரும்புவர். கொண்டாட்டம் என்பதற்குப் பொருள், பிறர்க்குரியதைத் திருப்பிக் கொடுப்பது என்றே இருந்தது. நம் மாணவர் வென்ற கோப்பைகளை இம்மலரில் பெருமையோடு அச்சிடுவோம். கூடவே, வாரத்தில் ஒரு மணி நேரம் நம் மாணவர் ஒருவர் இன்னொரு பிள்ளைக்கு எழுத்தறிவிக்க ஒரு பாயை விரிப்போம். அடுத்த யூபிலி மலரை எழுதுவோர்க்கு அதைவிட நல்ல செய்தி வேறு வேண்டுமா?