கிணற்றுக்கும் குழிக்கும் இடையே

நெடுந்தீவில் ஆறு இல்லை. நயினாதீவில் ஓடை இல்லை. ஊர்காவற்றுறை அமைந்துள்ள வேலணைத் தீவிலும் மலையினின்று இறங்கிவரும் நீர் ஒரு துளியேனும் இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரையில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொணர்ந்து சொரியும் மழையே இத்தீவுகளின் நீர்ச்செல்வம். அம்மழை மணலிலும் சுண்ணக்கல்லிலும் ஊறி, நிலத்தின் கீழே தங்கி, கிணற்றிலும் துரவிலும் மணற்பாங்கில் தோண்டப்படும் பூவலிலும் மீண்டும் முகங்காட்டுகின்றது.

கடல்நீர் நன்னீரினும் பாரமானது. ஆகவே தீவின் அடியில் ஊறிய மழைநீர் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நடுவிலே தடித்தும், கரையை அணுக அணுக மெலிந்தும், ஒரு வில்லையின் வடிவத்தைப் பெறுகின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இக்கணக்கைக் கூறியவர்களுள் ஒருவர் பாடோன் கைபென் என்னும் ஒல்லாந்தப் படைப் பொறியியலாளர், ஆண்டு 1888-89. ஹெர்ஸ்பெர்க் என்னும் ஜேர்மானியர் வடகடல் தீவொன்றை ஆராய்ந்து 1901ஆம் ஆண்டில் அதே முடிவை வெளியிட்டார். நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும், வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டி, 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் இவ்விதியை அறிந்திலர். தீவு மக்களோ விதியின் பெயர் அறியாமலே அதன் பயனை அறிந்திருந்தனர். ஆழத் தோண்டினால் உவர்நீர் மேலெழும். மிகுதியாக இறைத்தாலும் அவ்வாறே. சாராப்பிட்டிக் கிணறுகளைப் போன்ற நல்ல ஊற்றுகளை நெடுந்தீவு மக்கள் பெரிதும் போற்றியமைக்குக் காரணம் வேறு கூற வேண்டுவதில்லை.

உப்பு நாவுக்குத் தெரியும். நாவுக்குத் தெரியாத பகைவன் ஒருவன் இருக்கின்றான். அவன் வருவது கடலிலிருந்தன்று, வீட்டிலிருந்து.

கொழும்பு நகரிலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலத்தடிச் சாக்கடை அமைக்கப்பட்டது. தீவகத்துக்கு அத்தகைய அமைப்பு வந்ததில்லை. முன்னாளில் பனங்கூடலும் பற்றைக்காடுமே மக்களின் தேவைக்குப் பயன்பட்டன. மலகூடத்தைக் குறிக்கப் பேச்சு வழக்கில் வழங்கும் 'கக்கூஸ்' என்னும் சொல் ஒல்லாந்த மொழியிலிருந்து வந்தது. ஆயினும் சொல் வந்த வேகத்தில் பொருள் வரவில்லை. 1916ஆம் ஆண்டில் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கியது. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு ஒன்று நிறுவப்பட்டது. அக்காலந்தொட்டுக் குழி மலகூடம் நாட்டுப்புறங்களில் மெல்ல மெல்லப் பரவிற்று. பின்னர் நீரடைப்பு மலகூடம் வந்தது. நீர் ஊற்றினால் கழிவு குழாய்வழியே சென்று குழியில் விழும். வீடு தூய்மையாயிற்று, ஈயும் நாற்றமும் அகன்றன, கொக்கிப்புழுவின் வழியும் அடைபட்டது. இஃது உண்மையான நன்மையே. ஆனால் அதே வளவில், அதே வில்லை நீரைத் தொட்டுக்கொண்டு, கிணறும் இருக்கின்றது. குழிக்கும் கிணற்றுக்கும் இடையே, மண்ணுக்குள்ளே, என்ன நடக்கின்றது என்பதைக் காண்பது எவ்வாறு?

இக்கேள்விக்கு முதன்முதலாகத் தெளிவான விடை கிடைத்த இடம் இலண்டன் மாநகரின் புரோட் வீதி. 1854ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத முடிவிலே அவ்வீதியைச் சூழ்ந்து வாந்திபேதி வெடித்தது. 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மரணங்கள் வீதியிலிருந்த பொதுக் கிணற்றைச் சுற்றியே திரண்டிருப்பதை வைத்தியர் ஜோன் சினோ எடுத்துக்காட்டினார். செப்டெம்பர் 8ஆம் தேதி கிணற்றுப் பம்பியின் கைபிடி கழற்றப்பட்டது. இவ்வளவு கதையும் பலர் அறிந்ததே. அதற்குப் பின் நடந்ததே இங்கு முக்கியம். அவ்வாண்டின் பிற்பகுதியில் கிணற்றைத் திறந்து உட்புறத்தைச் சோதித்தார்கள். செங்கற்சுவரில் வெடிப்பில்லை, ஓட்டையில்லை. கிணறு குற்றமற்றது என்ற முடிவு ஏறக்குறைய உறுதியாயிற்று.

சினோவின் கருத்தை முதலில் ஏற்காத ஹென்றி வைற்ஹெட் என்னும் இளங்குருவானவர் வீடு வீடாகச் சென்று விசாரித்துக்கொண்டே இருந்தார். 40ஆம் இலக்க வீட்டிலே, கொள்ளைநோய் வெடிப்பதற்குச் சில நாள் முன்னர் வயிற்றுப்போக்கால் வருந்தத் தொடங்கிய ஒரு கைக்குழந்தை பின்னர் இறந்ததை 1855ஆம் ஆண்டில் அவர் கண்டறிந்தார். குழந்தையின் துணிகளை அலசிய நீரைத் தாய் வீட்டு முன்புறக் கழிவுக்குழியில் ஊற்றியிருந்தாள். ஏப்ரல் மாதத்தில் யோர்க் என்னும் நிலஅளவையாளர் அவ்வீட்டின் முன்னே நிலத்தை வெட்டிப் பார்த்தார். குழியின் செங்கற்கள் கருவியின்றிக் கையாலேயே கழன்று வந்தன. கழிவு வாய்க்காலும் சிதைந்து சல்லடை போலிருந்தது. குழியின் சுவருக்கும் கிணற்றின் சுவருக்கும் இடையே இருந்த தூரம் 2 அடி 8 அங்குலம். கிணற்றினுள் இறங்கிப் பார்த்தவர் காணாததை, வீட்டின் கழிவு வழியைத் தொடர்ந்து வெட்டியவர் கண்டார்.

ஒவ்வொரு வீட்டையும் வெட்டிப் பார்த்தல் இயலாது. எனவே வெட்டாமல் காணும் உபாயங்களை இங்கிலாந்து தேடத் தொடங்கியது. 1871ஆம் ஆண்டில் அரச இளவரசரே நெருப்புக் காய்ச்சலில் விழுந்து சாவின் விளிம்புவரை சென்று மீண்டபோது, மாளிகைகளின் கழிவு வழிகள்மீதும் ஐயம் பிறந்தது. 1878ஆம் ஆண்டில் பேராசிரியர் ஃபிளீமிங் ஜென்கின், கடலடித் தந்திவடம் இட்ட அனுபவமுடைய பொறியியலாளர், எடின்பரோ நகரில் ஒரு சங்கம் அமைத்தார். சந்தா செலுத்திய உறுப்பினரின் வீட்டுக் கழிவு வழிகளைச் சங்கத்துப் பொறியியலாளர் ஆண்டுதோறும் சோதிப்பர். அக்காலச் சோதனைகளுள் சில வேடிக்கையானவை. குழாயில் புகையைச் செலுத்தி எங்கே கசிகின்றதெனப் பார்ப்பது ஒன்று. புதினாத் தைலத்தை வெந்நீருடன் கூரைமேலுள்ள குழாயில் ஊற்றி, வீட்டுக்குள்ளே மணம் வருகின்றதா என முகர்வது மற்றொன்று. தைலம் ஊற்றிய மனிதன் வீட்டுக்குள் வரலாகாது. வந்தால் அவன் உடையின் மணமே சோதனையைக் கெடுத்துவிடும்!

கண்ணையே குழாய்க்குள் அனுப்பும் காலம் 1950களில் வந்தது. தொலைக்காட்சிக் கமராவைச் சாக்கடைக் குழாய்க்குள் இழுத்துச் சென்று, மேலே இருந்தவாறே படத்தைப் பார்க்கும் முறை அக்காலத்தில் உருவாயிற்று. அக்கமரா பெரிது, பாரமானது. நகரத்தின் பெருங்குழாய்களுக்கே ஏற்றது. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் போயிலும் சிமித்தும் ஒளியை மின்னேற்றமாக மாற்றிப் பதியும் சிறு சில்லு ஒன்றை உருவாக்கினர். அதற்காக 2009ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசும் கிட்டிற்று. அச்சில்லு வந்தபின் கமரா விரலளவாகச் சுருங்கியது. இன்று நான்கு அங்குல வீட்டுக் குழாய்க்குள்ளும் வளையும் கம்பியின் நுனியில் விளக்கோடு அது செல்கின்றது. வேர் புகுந்த மூட்டு, உடைந்த வளைவு, சரிந்த படுகை யாவும் திரையில் தோன்றுகின்றன.

நகரத்து வீட்டுக்கு இஃது அரிய துணை. ஆயின் தீவகத்திலே கமரா காண்பது மிகச் சிறு பகுதியையே. அங்கே குழாய் சில அடி தூரமே ஓடுகின்றது. ஓடிக் குழியில் முடிகின்றது. குழாய் நன்றாயிருக்கின்றது என்று திரை காட்டலாம். அதற்கப்பால் உள்ள வழி மனிதன் இட்டதன்று. மயோசின் காலத்துச் சுண்ணக்கல்லை மழைநீர் கரைத்துக் கரைத்து அமைத்த வழி. மணலிலே கழிவுநீர் மெல்லக் கசிந்து ஓரளவு வடிகட்டப்படும். கல்வெடிப்பிலே அது வடிகட்டப்படாமல் ஓடும். கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி தூரமேனும் இருத்தல் வேண்டுமெனச் சுகாதாரப் பரிசோதகர்கள் வழக்கமாகக் கூறுவர். மணல் நிலத்துக்கு அது தக்க காவல். வெடிப்புள்ள கல்லிலே 50 அடி என்பது மிகச் சிறு தூரம்.

எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு ஜேர்மனியில் ஒரு சான்று உண்டு. டானியூப் நதியின் நீர் இம்மென்டிங்கன் என்னும் ஊரருகே சுண்ணக்கல்லில் புகுந்து மறைகின்றது. அது எங்கே செல்கின்றது என்ற வழக்கு எழுந்தபோது, 1877ஆம் ஆண்டு அக்டோபரில் அடோல்ஃப் நொப் என்னும் அறிஞர் 10 கிலோ ஃபுளோரசீன் சாயத்தை அங்கே கலந்தார். 60 மணி நேரத்தில், 12 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஆக் ஊற்று பச்சையாய் ஒளிர்ந்தது. கல்லினுள் ஒருவரும் நுழையவில்லை. எனினும் வழி தெரிந்தது.

தீவகத்து வீட்டுக்கும் உகந்த சோதனை இவ்வகையினதே. தீங்கற்ற சாயத்தை மலகூடத்தில் ஊற்றி நீர் விட்டு, கிணற்றைப் பல நாள் கவனித்தல் வேண்டும். நிறம் தோன்றினால் வழி உண்டென்பது உறுதி. தோன்றாவிடின் வழி இல்லையென்பது உறுதியன்று. சாயம் நீரிற் கலந்து கண்ணுக்குப் புலனாகாத அளவுக்கு மெலிந்திருக்கலாம். அப்போது நீரையே ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் வேண்டும். குடலில் வாழும் கிருமிகள் இருப்பின் அவை கொதிக்க வைத்தால் அழியும். நைத்திரேற்று அழியாது, நீர் வற்ற வற்ற அது செறியும். நீரிலுள்ள நைத்திரேற்றினால் கைக்குழந்தைகளின் உடல் நீலம் பாரிக்கும் நோயை 1945ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் கொம்லி விளக்கினார். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வரையறை கடந்திருப்பதை 1980களின் ஆய்வுகள் காட்டின. வலிகாமத்துத் தோட்ட நிலத்திலே பயிருக்கிடும் உரமும் அதற்குக் காரணம். உரம் குறைந்த தீவு வளவுகளிலே முதலில் குழியைத்தான் ஐயுற வேண்டும்.

தீவகத்துக்கே உரிய மற்றோர் இடர் உண்டு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் போரின் காரணமாகத் தீவுகளினின்று பெருந்தொகையான மக்கள் வெளியேறினர். வளவுகள் பற்றைக்காடாயின. பழைய குழி எங்கே தோண்டப்பட்டது என்பது எந்த வரைபடத்திலும் இல்லை. அவ்வீட்டு முதியவரின் நினைவிலேதான் இருந்தது. பல குடும்பங்களில் அந்த முதியவர் திரும்பி வரவில்லை. மூடுண்ட பழைய குழியின்மேல் புதுக்கிணறு தோண்டப்படுவதும், பழைய கிணற்றருகே புதுக்குழி வெட்டப்படுவதும் இவ்வாறு நேரக்கூடியவை.

கடல்நீரையும் உவர்நீரையும் நன்னீராக்கும் இயந்திரங்கள் அண்மைக் காலத்தில் வந்துள்ளன. குடாநாட்டின் தாளையடியில் பெரிய நிலையம் 2024ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குடிக்கும் நீர் வேறிடத்திலிருந்து வந்தாலும், குளிப்பதும் பாத்திரம் துலக்குவதும் குழந்தையின் முகம் கழுவுவதும் வளவுக் கிணற்று நீரிலேயே.

சோதனைக்கு ஏற்ற காலத்தையும் நேயர்கள் கருதுதல் நன்று. ஆடி, ஆவணியிலே கிணற்று நீர் தாழ்ந்திருக்கும். குழியின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே ஓரளவு உலர்நிலம் இருக்கும். கார்த்திகை மழையில் நீர்மட்டம் உயர்ந்து குழியின் அடியைத் தொட்டுவிடும். கோடையில் நன்றென்று கண்ட கிணறு மாரியில் அவ்வாறில்லாமற் போகலாம். ஆதலின் இருமுறை சோதித்தல் வேண்டும். மாரிச் சோதனையே கடினம். கிருமிச் சோதனைக்குரிய நீரைத் தூய போத்தலில் எடுத்து, பனிக்கட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர்த்தாக வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு. அங்கிருந்து புங்குடுதீவையும் வேலணையையும் கடந்து, கடல்வழிப் பாலங்களின்மேல் யாழ்ப்பாண நகருக்குப் பேருந்து. கார்த்திகையிலே கடல் கொந்தளித்தால் அன்றைக்குப் படகு இல்லை. போத்தலிலுள்ள நீரைக் கொட்டிவிட்டு, படகு ஓடும் நாளில் மீண்டும் எடுக்க வேண்டியதுதான்.