தம்பியின் பழியும் தமையனின் புகழும்



ஆபிரகாம் லிங்கனின் வரலாற்றை அறியாதார் உங்களுள் இரார். 1865-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, வாஷிங்டன் நகரத்து நாடக அரங்கொன்றில் அப்பெரியாரைச் சுட்டவன் ஜான் வில்க்ஸ் பூத் என்னும் நடிகன் என்பதும் நீங்கள் அறிந்ததே. பள்ளியில் அப்பாடத்தைப் படித்த நாளில் நானும் அவ்வளவோடு நின்றுவிட்டேன். அவனுக்கு எட்வின் பூத் என்று ஒரு தமையனார் இருந்தார் என்பதையும், அக்கால அமெரிக்காவின் தலைசிறந்த நடிகராக மதிக்கப் பெற்றவர் அவரே என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். உடன்பிறந்தான் தேடி வைத்த பழியை ஒரு கலைஞர் எவ்வாறு தாங்கினார் என்பதே இன்று நான் கூறப்போகும் வரலாறு.

பூத் குடும்பம் நாடகக் குடும்பம். தந்தை ஜூனியஸ் புரூட்டஸ் பூத் இலண்டனில் பிறந்தவர். 1821-இல் அமெரிக்கா சென்று, ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் நடித்துப் பெரும்புகழ் எய்தியவர். ஆனால் குடிப்பழக்கமும் இடையிடையே தோன்றும் மனக்கலக்கமும் அவரை அலைக்கழித்தன. 1833-இல் மேரிலாந்து மாநிலத்தில் பிறந்த எட்வின், பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் தந்தையின் காவலராக ஊர் ஊராகச் சென்றார். தந்தையை வேளை தவறாமல் அரங்கிற்கு அழைத்து வருவதும், மது அருந்தாமல் காப்பதும், இரவில் மனம் போனபடி வெளியேறினால் பின்தொடர்வதும் அச்சிறுவரின் கடமைகள். மேடையின் அருகே நின்று நாள்தோறும் கேட்டவையே அவருக்குக் கல்வியாயின. 1849-இல் பாஸ்டன் நகரில், தந்தை மூன்றாம் ரிச்சர்டாக நடித்த நாடகத்தில் ஒரு சிறு வேடம் தாங்கி முதன்முதலாக மேடையேறினார்.

1852-இல் தந்தையார் மறைந்தார். எட்வின் கலிபோர்னியாவின் சுரங்க ஊர்களிலும், கடல் கடந்து ஆஸ்திரேலியாவிலும் நடித்து அனுபவம் பெற்றார். தந்தையின் நடிப்பு இடிமுழக்கம் போன்றது, மகனுடையதோ அமைதியானது. உரத்துக் கூவாமல், சொல்லின் பொருளை உணர்ந்து இயல்பாகப் பேசும் முறையை அவர் கைக்கொண்டார். ஹாம்லெட் என்னும் வேடம் அவருக்கே உரியது என்று மக்கள் கருதலாயினர்.

1864 நவம்பர் 25-ஆம் நாள் நியூயார்க் நகரின் விண்டர் கார்டன் அரங்கில் ஜூலியஸ் சீசர் நாடகம் நடைபெற்றது. ஷேக்ஸ்பியருக்குச் சிலை எழுப்ப நிதி திரட்டும் பொருட்டு, உடன்பிறந்தார் மூவரும் ஒரே மேடையில் தோன்றினர். மூத்தவர் காசியஸ், எட்வின் புரூட்டஸ், இளையவன் ஜான், சீசருக்காகக் கண்ணீர் வடிக்கும் ஆண்டனி. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அன்றிரவு தென்மாநிலத்தாரின் ஒற்றர்கள் நகரத்து விடுதிகள் பலவற்றில் தீ வைத்தனர். அரங்கை அடுத்த விடுதியிலும் தீ மூண்டதால் அவையில் குழப்பம் எழுந்தது. எட்வின் மேடையின் முன்வந்து மக்களை அமைதிப்படுத்தினார். நாட்டைப் பிளந்த அப்போர் அவ்வீட்டையும் பிளந்திருந்தது. எட்வின் அவ்வாண்டுத் தேர்தலில் லிங்கனுக்கு வாக்களித்தவர். ஜானோ லிங்கனை வெறுத்தவன்.

மறுநாள் தொடங்கி எட்வின் நூறு இரவுகள் ஹாம்லெட்டாக நடித்தார். அச்சாதனை முடிந்து ஒரு திங்கள் நிறைவதற்குள் லிங்கன் கொலையுண்டார். செய்தி வந்தபோது பாஸ்டனில் இருந்த எட்வின் உடனே மேடையைத் துறந்தார். தம் துயரை நாட்டு மக்களுக்கு ஒரு திறந்த மடலில் தெரிவித்தார். கொலையில் தொடர்பில்லாத மூத்தவரும் சிறையில் அடைக்கப்பட்டார். பூத் என்ற பெயரே வெறுப்புக்குரியதாயிற்று.

எனினும் அவருக்கு வேறு தொழில் தெரியாது. தாங்க வேண்டிய குடும்பமும் கடனும் இருந்தன. 1866 ஜனவரி 3-ஆம் நாள் அதே விண்டர் கார்டன் அரங்கில் மீண்டும் ஹாம்லெட்டாகத் தோன்றினார். அவர் திரும்பி வருவதை ஒரு நாளிதழ் கடுமையாகக் கண்டித்திருந்தது. மக்கள் என்ன செய்வார்களோ என்ற அச்சம் நிலவியது. திரை விலகியதும் அவையோர் எழுந்து நின்று நெடுநேரம் ஆரவாரித்து அவரை வரவேற்றனர். தம்பியின் குற்றத்தைத் தமையன்மீது சுமத்த அவர்கள் விரும்பவில்லை. ஆயினும் லிங்கன் உயிர்நீத்த வாஷிங்டன் நகரில் எட்வின் பின்னர் ஒருநாளும் நடிக்கவில்லை. 1869-இல் அரசு ஒப்படைத்த தம்பியின் உடலைப் பால்டிமோர் நகரில் குடும்பக் கல்லறையிடத்தில் பெயர் பொறிக்காமல் அடக்கம் செய்வித்தார்.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. போர்க்காலத்தில் ஒரு நாள் ஜெர்சி நகரத்துப் புகைவண்டி நிலையத்தில், கூட்ட நெரிசலில் ஓர் இளைஞர் நகரத் தொடங்கிய வண்டிக்கும் மேடைக்கும் இடையே விழுந்தார். ஒருவர் அவருடைய சட்டைக் கழுத்தைப் பற்றி மேலே இழுத்துக் காப்பாற்றினார். காத்தவர் எட்வின் பூத். காக்கப்பட்டவர் லிங்கனின் மகன் ராபர்ட். இதனை ராபர்ட்டே 1909-இல் எழுதிய கடிதத்தில் கூறியுள்ளார். தாம் காத்தது யாரை என்பதை எட்வின் அப்போது அறியார், பின்னரே அறிந்தார். தந்தையைக் கொன்ற கையும் மகனைக் காத்த கையும் ஒரே குடும்பத்தில் இருந்தன.

பிற்கால வாழ்விலும் இடர்கள் ஓயவில்லை. 1869-இல் பெரும்பொருள் செலவிட்டு நியூயார்க்கில் சொந்த அரங்கு கட்டினார்; ஐந்தே ஆண்டுகளில் கடனால் நொடித்துப் போனார். மீண்டும் ஊர் ஊராக நடித்துக் கடனைத் தீர்த்தார். 1881-இல் இலண்டனில் ஹென்றி இர்விங்குடன், ஒதெல்லோ, இயாகோ என்னும் இரு வேடங்களையும் மாறி மாறி ஏற்று நடித்தார். 1888-இல் தம் இல்லத்தையே நடிகர்களும் பிற துறைச் சான்றோரும் கூடும் மன்றமாக அளித்தார். 1893 ஜூன் 7-ஆம் நாள் அவ்வில்லத்தின் மேல்மாடி அறையில் உயிர்நீத்தார். அதன் எதிரே உள்ள பூங்காவில் ஹாம்லெட் கோலத்தில் அவருக்குச் சிலை நிற்கிறது.

நண்பர்களே, 1890-இல் எட்வின் ஒதெல்லோவின் உரையொன்றை மெழுகு உருளையில் பேசிப் பதிவு செய்தார். அது இன்றும் இருக்கிறது. அப்பதிவை நான் கேட்டிருக்கிறேன். இரைச்சலுக்கிடையே, தொலைவிலிருந்து வருவது போல ஒரு மெல்லிய குரல். ஆனால் அதில் அவசரமில்லை, ஆரவாரமில்லை. பூத் என்ற பெயரைக் கேட்டால் உலகம் முதலில் நினைப்பது துப்பாக்கி ஓசையையே. இனி அப்பெயரைக் கேட்கும்போது இக்குரலும் உங்கள் நினைவுக்கு வருமானால், இந்தச் சில நிமிடங்கள் பயனுள்ளவையாகும்.