குதிரைகளில் வான் வில்லிபிராண்ட் காரணி: எலைசா சோதனை

இரத்தக்குழாய்ச் சுவர் கிழிந்த இடத்தில் தட்டணுக்களை ஒட்டவைக்கும் பெரிய புரதம் வான் வில்லிபிராண்ட் காரணி. உறைதலுக்கு வேண்டிய எட்டாம் காரணியையும் அதுவே சுமந்து காக்கிறது. அதன் குறைபாட்டு நோயை ஃபின்லாந்து மருத்துவர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926இல் மனிதரிடம் விவரித்தார். குதிரைகளில் இந்நோய் அரிது. 1991இல் குவார்ட்டர் இனக் குதிரை ஒன்றில் பதிவாயிற்று. புரோத்ராம்பின் நேரம் என்னும் வழக்கமான உறைதல் சோதனை இக்குறையைக் காட்டாது. ஆகவே புரதத்தையே எலைசா முறையில் அளக்க வேண்டியிருக்கிறது. சிட்ரேட் குழாயில் எடுத்த இரத்தத்தின் பிளாஸ்மாவை எதிர்ப்பொருள் பூசிய குழிகளில் இட்டால் புரதம் பிடிபடும். நொதி இணைத்த இரண்டாம் எதிர்ப்பொருள் அதன்மேல் ஒட்டி நிறம் தரும். நிறம் அடர்ந்தால் புரதம் மிகுதி.

மனிதப் புரதத்துக்கென உருவான எதிர்ப்பொருள் குதிரைக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. இரு புரதங்களின் அமைப்பும் நெருங்கியிருப்பதால் அது பல வேளைகளில் ஒட்டும். ஆனால் ஒட்டும் வலிமை ஒன்றல்ல. மனித அளவுகோலை வைத்துக் குதிரையை அளப்பது பிழை. நலமுள்ள பல குதிரைகளின் பிளாஸ்மாவைக் கலந்து, அதை 100 விழுக்காடாகக் கொள்வதே சரி. அளவு சரியாக இருந்தால் செயலும் சரியாக இருக்கும் என்பதை ஏற்க இயலாது. இந்நோயின் இரண்டாம் வகையில் பெரிய புரதத் தொடர்கள் குறைவதால், புரதம் இருந்தும் பிடிப்பு தளர்கிறது. ஆகவே குழாய்ச் சுவரின் கொலாஜனோடு அது பிணையும் திறனையும் உடன் சோதித்தாக வேண்டும். அழற்சியும் கடும் ஓட்டமும் அளவை உயர்த்திக் குறைபாட்டை மறைக்கக்கூடும். ஐயமுள்ள குதிரையை ஓய்வு நிலையில் மறுபடி சோதிப்பது அவசியம்.